ஒரு டெராபைட் கையடக்க எஸ்எஸ்டி: 14 மாதம் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். மூன்று கேமராவும் ஒரு ட்ரோனும் ஓடும் கல்யாணத்தில், முதல் நாள் வரவேற்பையும் சேர்த்தால் 400 ஜிபிக்குக் குறையாமல் கோப்புகள் சேர்ந்துவிடும். அவற்றை மண்டபத்திலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து வண்ணத் திருத்தம் செய்யும் நண்பரின் அறைக்கும் கொண்டுபோய்க் கொண்டுவருவதற்காக, 2024 பிப்ரவரியில் ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள கையடக்க எஸ்எஸ்டி ஒன்றை, அதாவது நினைவகச் சில்லுகளில் கோப்புகளைச் சேமிக்கும் கருவியை, 7,400 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் அளவு, அலுமினிய உடல், ஐம்பது சொச்சம் கிராம் எடை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறிவிடலாம். இந்த 14 மாதங்களில், ஒரு சோதனைக்காகப் பீரோவில் பூட்டி வைத்த நான்கு மாதம் போக, கிட்டத்தட்ட எல்லா முகூர்த்த நாளும் என்னோடு வந்திருக்கிறது என்பதால், இதைப் பற்றி எழுதும் தகுதி ஓரளவு எனக்கு வந்துவிட்டதாக நினைக்கிறேன்.

நிறுவனத்தின் பெயரை எழுதாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. எஸ்எஸ்டி விற்பனையில் ஒரே பெயரும் ஒரே மாடல் எண்ணும் தாங்கி வரும் இரண்டு பெட்டிகளுக்குள் வெவ்வேறு நினைவகச் சில்லுகள் இருப்பது புதிய செய்தி இல்லை. தொடக்கத்தில் நல்ல சில்லைப் போட்டு, இணையத்தில் நல்ல பெயர் வாங்கிய பிறகு, சத்தமில்லாமல் மலிவான சில்லுக்கு மாறிக்கொண்ட நிறுவனங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. ஆகவே பெயரைச் சொல்லி நான் பாராட்டினாலும் திட்டினாலும், நீங்கள் வாங்கப்போகும் பெட்டிக்கு அது பொருந்தும் என்ற உறுதி இல்லை. உள்ளே எந்த வகைச் சில்லு இருக்கிறது, அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை அறிந்துகொண்டால், எந்தப் பெயர் ஒட்டிய பெட்டியையும் நீங்களே எடைபோடலாம்.

வாங்கியது சென்னை ரிச்சி தெருவில். கடைக்காரர் பெட்டியை என் கண்முன்னே பிரித்து, தன் மடிக்கணினியில் மாட்டிக் காட்டிவிட்டு, "சார், வீட்டுக்குப் போனதும் முழுசா ஒரு தடவை நிரப்பிப் பாத்துருங்க. ஏழு நாளைக்குள்ள வந்தா நான் மாத்தித் தர்றேன், அதுக்கப்புறம் கம்பெனிதான்" என்றார். விற்கும்போதே சோதித்துப் பார்க்கச் சொல்லும் கடைக்காரர் அரிது. இணையத்தில் 1,500 ரூபாய்க்கு 16 டெராபைட் என்று விற்கப்படும் போலிகளை வாங்கிக்கொண்டு தன்னிடம் புலம்ப வருகிறவர்கள் வாரத்துக்கு இருவராவது உண்டு என்றும் சொன்னார். அந்தப் போலிகளுக்குள் இருப்பது 32 அல்லது 64 ஜிபி மெமரி கார்டுதான். 16 டெராபைட் இருப்பதாகக் கணினியிடம் பொய் சொல்லும்படி அதன் நிரலை மாற்றி வைத்திருப்பார்கள். 64 ஜிபிக்கு மேல் எழுதப்படும் ஒவ்வொரு கோப்பும் பழைய கோப்பின் மேலேயே விழும். பெயர்கள் எல்லாம் பட்டியலில் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது.

அவர் சொன்னபடியே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலைக் கொண்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பார்த்தேன். விண்டோஸ் இதை 931 ஜிபி என்று காட்டியது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. தயாரிப்பாளர் டெராபைட்டை ஆயிரத்தின் பெருக்கத்தில் எண்ணுகிறார். விண்டோஸ் 1,024இன் பெருக்கத்தில் எண்ணிவிட்டு அதற்கும் ஜிபி என்றே பெயர் சூட்டுகிறது. ஊருக்கு ஊர் படியின் அளவு மாறிய காலத்தில் நெல் வாங்கியவர்களுக்கு இந்தக் குழப்பம் எளிதில் புரிந்திருக்கும். கொள்ளளவில் குறை இல்லை, ஒரு பைட் கூடப் பிழை இல்லை. ஆனால் அந்தச் சோதனையில் வேறொன்று தெரிந்தது. எழுதத் தொடங்கியபோது நொடிக்கு 850 எம்பி அளவில் ஓடிக்கொண்டிருந்த வேகம், ஏறத்தாழ 230 ஜிபி எழுதி முடித்த இடத்தில் ஒரே அடியாக 110 எம்பிக்கு இறங்கியது. கடைசி வரை அங்கேயே நின்றது. முழுவதையும் எழுத 2 மணி நேரத்துக்கு மேல் ஆனது. திரும்பப் படித்துச் சரிபார்க்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தது நொடிக்கு 1,000 எம்பி "வரை" என்று. அந்த "வரை" என்ற சொல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளச் சில்லுக்குள் சற்று இறங்க வேண்டும்.

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லை, காந்தம் இல்லை. எலக்ட்ரான்களைச் சிறைப்பிடித்து வைக்கும் கோடிக்கணக்கான சிற்றறைகள்தாம் அதில் இருக்கின்றன. நாலாபுறமும் மின்காப்புப் பொருளால் சூழப்பட்ட ஓர் அடுக்கில் எலக்ட்ரான்களை ஏற்றிவிட்டால், மின்சாரம் போன பிறகும் அவை அங்கேயே தங்கும் என்ற கருத்தை 1967இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டாவொன் காங்கும் சைமன் சேயும் வெளியிட்டார்கள். அதை வைத்து, மொத்தம் மொத்தமாக அழித்து எழுதக்கூடிய நினைவகத்தை ஜப்பானின் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோக்கா உருவாக்கினார். இன்று நாம் பயன்படுத்தும் நாண்ட் வகையை அவர் 1987இல் அறிமுகப்படுத்தினார். அழிக்கும் விதம் கேமராவின் ஃபிளாஷ் வெட்டுவதை நினைவூட்டியதால், உடன் பணியாற்றிய ஒருவர் அதற்கு ஃபிளாஷ் என்று பெயரிட்டதாகச் சொல்வார்கள். ஃபிளாஷ் வெளிச்சத்திலேயே பிழைப்பை நடத்துகிற என்னைப் போன்றவர்களுக்கு இது ஒரு சின்ன மகிழ்ச்சி.

மின்காப்புச் சுவருக்கு அப்பால் எலக்ட்ரான் எப்படிப் போகிறது என்பதுதான் இதில் விந்தை. சுவரில் துளை கிடையாது. போதுமான மின்னழுத்தத்தைக் கொடுத்தால், சில நானோமீட்டர் மட்டுமே தடிமனுள்ள அந்தச் சுவரை எலக்ட்ரான் ஊடுருவி மறுபுறம் தோன்றும். குவாண்டம் இயற்பியலில் இதைச் சுரங்க விளைவு என்பார்கள். எழுதும்போது உள்ளே தள்ளுகிறார்கள், அழிக்கும்போது எதிர்த் திசையில் மின்னழுத்தம் கொடுத்து வெளியே இழுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சுவர் கொஞ்சம் தேய்கிறது. இத்தனை முறைதான் எழுதி அழிக்கலாம் என்ற வரம்பு எஸ்எஸ்டிக்கு வந்தது இதனால்தான்.

இனி விலை குறைந்த கதைக்கு வருவோம். ஒரு தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்தில் தண்ணீர் இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் கேட்டால் தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு சிற்றறையில் ஒரு பிட் மட்டும் வைக்கும் எஸ்எல்சி வகை அப்படிப்பட்டது: எலக்ட்ரான் உண்டு அல்லது இல்லை, இரண்டே நிலை. அதே குளத்தில் தண்ணீர் எத்தனையாவது படியில் நிற்கிறது என்று கேட்டால், கரையில் இறங்கி நிதானமாக எண்ண வேண்டும். ஒரு சிற்றறையில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சிக்கு 8 படிகள். நான்கு பிட் வைக்கும் கியூஎல்சிக்கு 16 படிகள். குளத்தின் ஆழம் அதேதான், படிகளின் உயரம் மட்டும் குறைந்துகொண்டே போகிறது. சரியாக ஆறாவது படியில் தண்ணீரை நிறுத்த வேண்டுமென்றால் கொஞ்சம் விட்டுப் பார்த்து, மறுபடி கொஞ்சம் விட்டுப் பார்த்து நிரப்ப வேண்டும். கியூஎல்சியில் எழுதுவது மெதுவாக இருப்பதற்கும், அது சீக்கிரம் தேய்வதற்கும் இதுவே காரணம். எஸ்எல்சி சிற்றறை ஏறத்தாழ ஒரு லட்சம் முறை தாங்கும் என்பார்கள். டிஎல்சிக்கு அது ஆயிரம் முதல் மூவாயிரம் வரை. கியூஎல்சிக்கு ஆயிரத்தை ஒட்டி, அல்லது அதற்கும் கீழே.

நான் வாங்கியது கியூஎல்சி. பெட்டியில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. வேகம் இறங்கிய இடத்தை வைத்து நானாகக் கணக்குப் போட்டு வந்த முடிவு இது. இத்தகைய எஸ்எஸ்டிகள் காலியாக இருக்கும் சிற்றறைகளில் முதலில் ஒரே ஒரு பிட்டை மட்டும், அதாவது எஸ்எல்சி முறையில், அவசர அவசரமாக எழுதி வைக்கும். பிறகு ஓய்வு கிடைக்கும்போது நான்கு சிற்றறைகளில் இருப்பதை ஒன்றில் அடுக்கி இடத்தை மிச்சப்படுத்தும். வீட்டுக்கு வந்த சாமான்களை முதலில் கூடத்தில் இறக்கிவிட்டு, அப்புறம் பரணில் அடுக்குவது போல. நான்கு பிட் கொள்ளும் இடத்தில் ஒன்றை மட்டும் வைத்தால், ஒரு டெராபைட் எஸ்எஸ்டி கூடத்தில் இறக்கக்கூடியது அதிகபட்சம் 250 ஜிபி. எனக்கு 230இல் கூடம் நிறைந்தது. அதன் பிறகு வரும் ஒவ்வொரு சாமானுக்கும் பரணில் இடம் பார்த்து வைத்த பிறகுதான் அடுத்ததை வாங்க முடியும். வேகம் எட்டில் ஒரு பங்காகிறது.

இது தொழிலில் எப்படி இருக்கிறது என்றால், 430 ஜிபி கோப்புகள் கொண்ட ஒரு கல்யாணத்தை மடிக்கணினியிலிருந்து இதற்கு மாற்ற எனக்கு 35 நிமிடத்துக்கு மேல் ஆனது. பெட்டியின் மேல் உள்ள வேகத்தை நம்பினால் 8 நிமிடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். அதே கல்யாணத்தை என்னிடம் உள்ள கையடக்க ஹார்ட் டிஸ்கில் போட ஏறத்தாழ 55 நிமிடம். ஆக, பெட்டி சொன்னதைவிட மோசம், பழைய முறையைவிட மேல். இதில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. எஸ்எஸ்டியில் ஏற்கனவே 650 ஜிபி நிறைந்திருந்த ஒரு நாளில், வேகம் 80 ஜிபியிலேயே விழுந்துவிட்டது. மிச்சமிருக்கும் காலி இடத்தில் நான்கில் ஒரு பங்குதானே கூடம்! பாதிக்கு மேல் நிரப்பாமல் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் அப்படிப் பயன்படுத்துவதற்காக ஒரு டெராபைட்டுக்குப் பணம் கொடுக்கவில்லை என்று யாராவது சொன்னால் அவர்களிடம் எனக்குப் பதில் இல்லை.

படிக்கும் வேகத்தில் குறை சொல்ல எதுவும் கிடையாது. நான்கு கோணங்களில் ஓடும் 4கே காட்சிகளை நேரடியாக இதிலிருந்தே தொகுத்திருக்கிறேன். ஒரு முறைகூடத் திக்கவில்லை.

கேபிளைப் பற்றி ஒரு சொல். பெட்டியோடு வரும் கேபிள் ஒரு சாண் நீளம்தான். அது போதவில்லை என்று கைப்பேசி சார்ஜரின் கேபிளை மாட்டிய நாளில் வேகம் 40 எம்பிக்கு வந்துவிட்டது. இரு முனைகளும் பார்ப்பதற்கு ஒரே டைப்-சி. உள்ளே ஓடுவதோ 2000ஆம் ஆண்டின் யுஎஸ்பி 2.0, நொடிக்கு 480 மெகாபிட் (எட்டால் வகுத்தால் 60 எம்பி). இந்த எஸ்எஸ்டிக்குத் தேவை 10 கிகாபிட் செல்லும் கேபிளும், அதே வேகமுள்ள கணினித் துளையும். யுஎஸ்பி 3.0 என்று ஒரு காலத்தில் அழைக்கப்பட்டதே பிறகு 3.1 ஜென் 1 ஆகி, அதற்கும் பிறகு 3.2 ஜென் 1 ஆனது. மூன்றும் 5 கிகாபிட்தான். பெயரை விட்டுவிட்டு கிகாபிட் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது நல்லது.

சூடு பற்றியும் சொல்ல வேண்டும். வெயில் கொளுத்திய ஒரு நண்பகலில், மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், நீண்ட எழுத்துக்குப் பிறகு இதன் உள்வெப்பம் 61 டிகிரி வரை ஏறியதை நிரலில் பார்த்தேன். கையால் தொட்டால் சுடுகிறது, தூக்கி எறிய வேண்டிய அளவுக்கு இல்லை. அலுமினிய உடலே வெப்பத்தை வெளியேற்றும் தகடாகவும் வேலை செய்கிறது. ஆகவே அதற்கு ரப்பர் உறை மாட்டி விற்பவர்களிடம் வாங்காதீர்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் சுமந்து செல்லும் வேலைக்கானவை. அந்த வேலையில் இதற்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன். வாங்குகிறவர்களில் பலர் இதைப் பயன்படுத்த நினைப்பது வேறு வேலைக்கு: குழந்தையின் முதல் பிறந்தநாளிலிருந்து இன்று வரை உள்ள படங்களைப் போட்டு, பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிடுவது. இதற்காக வாங்கப்போகிறேன் என்று என்னிடம் ஆலோசனை கேட்டவர்கள் மட்டும் இந்த ஓராண்டில் ஆறேழு பேர் இருப்பார்கள்.

தெப்பக்குளத்துக்கே திரும்பி வருவோம். கோடையில் குளம் வற்றுவது போல, சிறைப்பட்ட எலக்ட்ரான்களும் மெல்ல மெல்லக் கசிகின்றன. எஸ்எல்சி குளத்தில் நான்கைந்து படி இறங்கினாலும் தண்ணீர் உண்டு என்ற விடை மாறாது. பதினாறு படிக் குளத்தில் ஒரு படி இறங்கினாலே விடை தவறு. சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ, வெப்பம் எவ்வளவு கூடியிருக்கிறதோ, அவ்வளவு வேகமாக இந்தக் கசிவு நடக்கும்.

ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பு இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கான எஸ்எஸ்டி ஒன்று, தன் ஆயுளில் எழுத அனுமதிக்கப்பட்ட அளவு முழுவதையும் எழுதித் தீர்த்த பிறகும், மின் இணைப்பு இல்லாமல் 30 டிகிரியில் ஓர் ஆண்டு தரவைக் காப்பாற்ற வேண்டும் என்பது அது. இதைப் பாதி மட்டும் படித்துவிட்டு, எந்த எஸ்எஸ்டியும் ஓராண்டில் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று பீதி கிளப்பியவர்கள் உண்டு. அந்த ஓராண்டு என்பது தேய்ந்து போன எஸ்எஸ்டிக்கு. புதியது அதைவிடப் பல மடங்கு காலம் தாங்கும். ஆனால் 30 டிகிரி என்ற எண்ணை நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். மதுரையிலோ வேலூரிலோ மேல்மாடி அறையில் இருக்கும் இரும்பு பீரோவுக்குள் மார்கழியில் வேண்டுமானால் 30 டிகிரி இருக்கும். வெப்பம் 5 டிகிரி கூடினாலே அந்தக் காலம் ஏறக்குறையப் பாதியாகும் என்பது அந்தத் தரத்துக்கான கணக்கு.

பேச்சோடு நிற்காமல் ஒரு சின்னச் சோதனையும் செய்து பார்த்தேன். 2024 ஏப்ரல் தொடக்கத்தில் 2,140 கோப்புகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 முறையில் சரிபார்ப்பு எண் (கோப்பு சிறிது மாறினாலும் இதுவும் மாறிவிடும்) எடுத்து வைத்துக்கொண்டு, எஸ்எஸ்டியை மேல்மாடி பீரோவில் ஜூலை முடியும் வரை தொடாமல் வைத்தேன். அந்த நான்கு மாதமும் தொழிலுக்கு நண்பரின் எஸ்எஸ்டியை இரவல் வாங்கி ஓட்டினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகஸ்டில் மாட்டிச் சரிபார்த்தபோது 2,140 எண்களும் பொருந்தின. ஒரு கோப்புகூடக் கெடவில்லை. ஆனால் எழுதிய அன்று நொடிக்கு 900 எம்பியில் படித்த அதே கோப்புகள் சில இடங்களில் 380 எம்பிக்குத் தடுமாறின. அவற்றையே அழித்துப் புதிதாக எழுதியபோது வேகம் திரும்பிவிட்டது.

இந்தத் தடுமாற்றத்துக்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான். தண்ணீர் சற்று இறங்கியிருந்தால், முதல் பார்வையில் கிடைக்கும் விடையில் பிழைகள் இருக்கும். எஸ்எஸ்டியை இயக்கும் கன்ட்ரோலர் சில்லு அளவுகோலைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து மறுபடி பார்க்கும். தேவையானால் மூன்றாம் முறையும் பார்க்கும். இடையே, தரவோடு சேர்த்து எழுதி வைத்த கூடுதல் பிட்களைக் கொண்டு பிழையைக் கணக்குப் போட்டுத் திருத்தும். இந்தக் கணக்கு முறையை 1960இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ராபர்ட் காலகர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எழுதினார். அன்றைய கணினிகளுக்கு அது தாங்காத சுமை என்பதால் முப்பது ஆண்டு போல யாரும் பெரிதாகச் சீண்டாமல் கிடந்து, 1990களில்தான் மீண்டும் கையில் எடுக்கப்பட்டது. இன்று நான் 7,400 ரூபாய்க்கு வாங்கிய பெட்டிக்குள் அது நொடிக்கு நொடி வேலை செய்கிறது. கியூஎல்சியை விற்பனைக்குக் கொண்டுவர முடிந்ததில் சில்லைச் செய்தவர்களுக்கு உள்ள பங்கு அளவுக்கு இந்தக் கணிதத்துக்கும் உண்டு. நமக்குத் தெரிவது திருத்திய விடை மட்டும்தான். எத்தனை திருத்தம் நடந்தது என்பதை அது சொல்வதில்லை. வேகம் குறைவதுதான் வெளியே தெரியும் ஒரே அறிகுறி.

அப்படியானால் ஹார்ட் டிஸ்க்தான் பத்திரமா என்று கேட்பீர்கள். கசிவு என்ற அளவில் ஆம். காந்தத் துகள்களின் திசையாக எழுதப்பட்ட தரவு ஒரு கோடையில் வற்றுவதில்லை. விலையும் குறைவு: என்னிடம் உள்ள 4 டெராபைட் கையடக்க ஹார்ட் டிஸ்க் நான் வாங்கியபோது 10,800 ரூபாய், டெராபைட்டுக்கு 2,700தான் ஆனது. ஆனால் அதன் பகை வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டரை அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும்போது அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது; படிக்கும் முனை அதன் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமனே 50,000 நானோமீட்டருக்கு மேல். இந்த எஸ்எஸ்டியை வாங்க வைத்ததே அப்படி ஒரு ஹார்ட் டிஸ்க்தான். ஓடிக்கொண்டிருந்தபோது என் கால் தடுக்கி மேசையிலிருந்து விழுந்தது. மறுபடி மாட்டியபோது டிக், டிக் என்று ஒரே சீரான ஒலி. வாடிக்கையாளர் ஒருவரின் வளைகாப்புக் காட்சிகள் அதில் மட்டும்தான் இருந்தன. தரவு மீட்டுத் தரும் ஓர் இடத்தில் 28,000 ரூபாய் கேட்டார்கள். அதே மாடல் டிஸ்க் ஒன்றிலிருந்து முனைகளை எடுத்து, தூசியில்லாத அறையில் பொருத்திப் படிக்க வேண்டும் என்று விளக்கமும் தந்தார்கள். பாதிதான் மீண்டது. மீதிக்கு நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

மலிவான கையடக்க ஹார்ட் டிஸ்குகள் பலவற்றில் வேகம் விழுவதற்கும் ஒரு காரணம் உண்டு. கூரையில் ஓடு வேயும்போது ஒன்றின் விளிம்பை அடுத்தது மூடுவது போல, தடங்களை ஒன்றன் மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதி இடத்தை மிச்சப்படுத்துகிறார்கள். ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதற்கு மேல் கவிந்தவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும் அல்லவா? இங்கும் அப்படித்தான். எழுதி வைத்துவிட்டுப் படிக்க மட்டும் செய்கிறவர்களுக்கு இது தொல்லை தராது. அடிக்கடி அழித்து எழுதுகிறவர்களைப் பாடாய்ப் படுத்தும்.

எஸ்எஸ்டி கீழே விழுந்தால் பயமில்லை. என்னுடையது மண்டப வாசற்படியில் இரண்டு முறை விழுந்து, மூலையில் ஒரு நசுங்கலோடு ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் செத்தால் பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் சாகும், டிக் டிக் என்று எச்சரிப்பதில்லை. செத்த பிறகு மீட்பதும் கடினம். எந்தக் கோப்பின் எந்தத் துண்டு எந்தச் சிற்றறையில் கிடக்கிறது என்ற வரைபடம் கன்ட்ரோலரிடம் மட்டுமே இருக்கிறது. எல்லாச் சிற்றறைகளும் சமமாகத் தேய வேண்டும் என்பதற்காக அது துண்டுகளை ஓயாமல் இடம் மாற்றிக்கொண்டும் இருக்கிறது. போதாததற்கு, கடவுச்சொல் வைத்திருந்தால் எழுதப்பட்டவை எல்லாம் 256 பிட் குறியாக்கத்தில் கிடக்கும். உத்தரவாதச் சீட்டில் மூன்று ஆண்டு என்று போட்டிருப்பது பெட்டிக்கு மட்டும். உள்ளே இருக்கும் வளைகாப்புக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற எண்ணையும், கணினிக்குள் பொருத்தும் எஸ்எஸ்டிகளுக்கு வெளியிடுவது போல, இதற்கு வெளியிடவில்லை. என் பெரிய குறை இதுதான்.

ஆகவே, வேலை செய்யும் இடங்களுக்கு இடையே தரவைச் சுமக்கிறவர்கள், கைப்பேசியிலிருந்தும் கேமராவிலிருந்தும் அவ்வப்போது இறக்கி வைக்கிறவர்கள், மடிக்கணினியில் இடம் பற்றாதவர்கள் ஆகியோர் இதை வாங்கலாம். நான் கொடுத்த 7,400 ரூபாய்க்கு வஞ்சனை இல்லை. நாள்தோறும் ஒரே மூச்சில் 300 ஜிபிக்கு மேல் எழுத வேண்டியவர்கள் இன்னும் கொஞ்சம் பணம் போட்டு டிஎல்சி என்று தெளிவாக அறிவித்திருக்கும் ஒன்றை வாங்குவதே நல்லது. பீரோவில் வைத்துப் பூட்ட நினைக்கிறவர்கள், அந்த ஒரே பிரதியை நம்பி இதை வாங்க வேண்டாம். இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஒரே தரவை எழுதி, ஒன்றை உறவினர் வீட்டில் வைப்பதற்கு ஆகும் செலவு அப்படி ஒன்றும் பெரிதில்லை.

நான் இப்போது செய்வது இதுதான். முகூர்த்தம் முடிந்த இரவே எஸ்எஸ்டியில் இருப்பதை வீட்டு ஹார்ட் டிஸ்க் இரண்டிலும் இறக்கிவிடுகிறேன். வாடிக்கையாளர் ஆல்பத்தையும் வீடியோவையும் வாங்கிக்கொண்டு போகும் வரை எஸ்எஸ்டியிலிருந்து அழிப்பதில்லை. முகூர்த்த மாதங்களில் கல்யாணங்கள் வரிசை கட்டினால் பாதிக்கு மேல் நிறைந்துவிடும், வேகம் சீக்கிரமே விழும், அந்த 35 நிமிடம் இன்னும் நீளும். அப்போது மாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறேன். பெட்டியோடு வந்த ஒரு சாண் கேபிள் பத்தாவது மாதத்தில் முனையில் தளர்ந்துவிட்டது. ரிச்சி தெருவில் அதே கடைக்காரரிடம் 10 கிகாபிட் என்று அச்சிட்ட அரை மீட்டர் கேபிள் ஒன்றை 450 ரூபாய்க்கு வாங்கி, அதையும் அவர் சொல்லாமலே அங்கேயே மாட்டிச் சோதித்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.